போர் நிழல்

மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்கச் சொன்னால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? அமிர்தவல்லிக்கும் இருந்தது. ஆனால் சங்கடப்பட்டுக்கொண்டு நிற்கிற வேளை அது இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தபால் மூட்டைகளுக்கு நடுவே போய் ஏறி நின்றாள்.

"அம்மாவுக்குப் பரவாயில்லை, பைதான் அதிகம்" என்றாள் மார்னி. அவள்தான் விமானி. ஐம்பது வயசுக்காரி, வெயிலில் காய்ந்து சிவந்த முகம், அரைக்கால் சட்டை. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், பண்ணை பண்ணையாக இறங்கித் தபால் கொடுத்துவிட்டுப் போகிறவள். அவள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம். "ரெண்டு பையில ஒண்ண இங்கேயே விட்டுட்டு வாங்க. சின்ன விமானம், தாங்காது."

மகள் இளவேனில் மொழிபெயர்த்துச் சொன்னாள். அமிர்தவல்லி யோசிக்கவே இல்லை. "துணிப் பைய எறக்கிடு" என்றாள். மற்றப் பையில் புளிசோறும், நாரத்தங்காய் ஊறுகாயும், ஒரு பெரிய பிளாஸ்க்கும் இருந்தன.

"ஊறுகாய் யாருக்கும்மா? அப்பாகூட நீ பேசுறதே இல்லையே."

"பேசாட்டி என்னடி? திங்கக் குடுக்கக்கூடாதா?"

இந்தச் சண்டையின் கதை சின்னதுதான். அமிர்தவல்லியின் கணவர் தெட்சிணாமூர்த்தி மன்னார்குடிப் பக்கம் போர் போடுகிற ஆள். பூமிக்குள் குழாய் இறக்குவது, மோட்டார் மாட்டுவது, தண்ணீர் வராவிட்டால் ஊரார் திட்டுவதை வாங்கிக்கொள்வது எல்லாம் அவர் வேலை. அந்தக் கைவேலைதான் அவரை இங்கே கொண்டுவந்தது. வில்லோரா ஸ்டேஷன் என்ற இடத்தில் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். ஸ்டேஷன் என்றதும் அமிர்தவல்லி முதலில் கேட்டது, "போலீஸ் ஸ்டேஷனா, ரயில்வே ஸ்டேஷனா?" என்றுதான். ரெண்டும் இல்லை. அந்த நாட்டில் மாட்டுப் பண்ணையைத்தான் ஸ்டேஷன் என்கிறார்கள். பண்ணை என்றால் நம்மூர்ப் பண்ணை இல்லை. வேலிக்குள் ஒரு தாலுகாவே அடங்கிவிடும். அத்தனை பெரிய இடத்தில் மாடுகள் உயிரோடிருப்பதே அங்கங்கே தோண்டி வைத்திருக்கும் ஆழ்குழாய்க் கிணறுகளால்தான். அவற்றை அங்கேயும் போர் என்றே சொல்கிறார்கள் என்று தெட்சிணாமூர்த்தி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "நம்ம வார்த்தைய இவனுங்களும் வச்சிருக்கானுங்க அமிர்தம்!"

ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், முடிந்தபோது அவளை ஒரு வார்த்தை கேட்காமல் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அமிர்தவல்லி கத்தவில்லை. "இனிமே போன்ல ஒங்ககூடப் பேசமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சொன்னபடியே மூன்று மாசமாகப் பேசவில்லை. அடிலெய்டில் நர்சிங் படிக்கும் மகளைப் பார்க்க வந்த பிறகும் பேசவில்லை. அவர் கூப்பிடும்போதெல்லாம் அதே அறையில் காய் நறுக்கிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்காத மாதிரி முகம் வைத்துக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

நேற்று மதியம் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார், திரும்பவில்லை. அவரிடம் இருந்த சாட்டிலைட் போனிலிருந்து மகளுக்கு ஒரு குரல் பதிவு மட்டும் வந்தது. இளவேனில் அப்போது ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தாள். சாயங்காலம்தான் கேட்டாள். திருப்பிக் கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது. உடனே பண்ணைக்குப் போன் போட்டு, 'வண்டி மணலில் மாட்டிக்கொண்டதாம், போர் நிழலில் உட்கார்ந்திருக்கிறாராம்' என்று சொன்னாள். பண்ணை மேனேஜர் ரோவனுக்கு நிம்மதி. "போர் இருந்தா தொட்டி இருக்கும், தொட்டி இருந்தா தண்ணி இருக்கும். கவலைப்படாதீங்க, காலைக்குள்ள கூட்டிட்டு வந்துடுவோம்."

காலையும் வந்தது. தெட்சிணாமூர்த்தி வரவில்லை. அம்மாவும் மகளும் விடியும்போதே கிளம்பி, பெரிய விமானத்தில் நாட்டின் நடுவே இருக்கும் ஒரு ஊருக்கு வந்து, இப்போது இந்தக் குட்டி விமானத்தின் வாசலில் நிற்கிறார்கள்.

ஏறினார்கள். உள்ளே ஆறு இருக்கை. பின்னால் தபால் மூட்டை, டிராக்டர் டயர், கூண்டில் நாலு கோழி. கதவை மூடியதும் அமிர்தவல்லி மகளின் கையைப் பிடித்தாள். விமானம் தடதடவென்று ஓடி, ஒரு குலுக்கல் குலுக்கி எழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் கோழிகள் கத்தின. அதுகளுக்காவது கத்தக் கொடுத்துவைத்திருக்கிறது என்று நினைத்தாள்.

கண்ணைத் திறந்தபோது கீழே பூமி மஞ்சள் குங்குமம் கொட்டின மாதிரி கிடந்தது. ஒரு வீடில்லை, ஒரு கோயில் கோபுரமில்லை. எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போகிற ஒரு மண்பாதை. இதில் ஒரு மனுஷனை எப்படித் தேடுவது? காலையிலிருந்து திடமாக இருந்தவளுக்கு அப்போதுதான் பயம் தொட்டது.

முதல் நிறுத்தம் வேறொரு பண்ணை. செம்மண்ணில் கோடு போட்டமாதிரி ஒரு ஓடுதளம், ஓரத்தில் காற்றுத் திசை காட்டும் ஒரு காற்றுப் பை, அவ்வளவுதான். மார்னி டயரையும் கோழிகளையும் இறக்கினாள். கதவைத் திறந்தவுடன் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி அனல் அடித்தது. நிற்க ஒரு மரம்கூட இல்லாததால், அம்மாவும் மகளும் விமானத்தின் இறக்கைக்கு அடியில் இருந்த துளி நிழலில் ஒதுங்கினார்கள்.

மார்னி ரேடியோவில் பேசிவிட்டு வந்தாள். முகம் சரியில்லை. இளவேனில் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அம்மா பக்கம் திரும்பினாள்.

"சொல்லுடி."

"கடைசிப் போரையும் பாத்துட்டாங்களாம்மா. ஹெலிகாப்டர்ல போயி ஒவ்வொண்ணா பாத்திருக்காங்க. அங்கயும் இல்ல."

அமிர்தவல்லி செம்மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். "ஒங்கப்பா கொரலப் போடு" என்றாள்.

நேற்றிலிருந்து அவள் அதைக் கேட்கவில்லை. மகள் ரெண்டு தடவை நீட்டியும் தள்ளிவிட்டாள். கேட்டால் உடைந்துபோவோம் என்ற பயம். இப்போது அந்தப் பயத்தைவிட அந்தக் குரல் வேண்டியிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

'வேனி... அப்பா பேசுறேன். ஸ்டேஷனுக்குப் போட்டேன், யாரும் எடுக்கல... வண்டி மணல்ல மாட்டிக்கிச்சு. பயப்படாதீங்க... போர் நெழல்ல உக்காந்திருக்கேன். அம்மாட்ட சொல்லு... அன்னிக்கி மாதிரியே...' அதோடு கரகரவென்று அறுந்துவிட்டது.

அவள் மறுபடி போடச் சொன்னாள். மறுபடி கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது.

"அன்னிக்கி மாதிரின்னா என்னன்னு நெனைச்ச?"

"போன மாசம் ஒரு தடவ வண்டி பஞ்சராகி ஒரு போர்கிட்ட உக்காந்திருந்தேன்னு சொன்னாருல்ல, அதுன்னு நெனைச்சேன்."

"என்கிட்ட சொல்லச் சொல்றாருடி. நீ பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது ஒனக்கு எப்புடித் தெரியும்? இது தண்ணிப் போர் இல்ல. வைக்கப்போர்."

இளவேனிலுக்குப் புரியவில்லை. பாவம், அவளைக் குறை சொல்லக்கூடாது. 'அப்பா போருக்குப் போயிருக்காரு' என்று கேட்டே வளர்ந்த பெண். பிறகு சென்னை, பிறகு அடிலெய்டு. போர் என்றால் அவளுக்குக் குழாயும் மோட்டாரும்தான். களத்தில் வைக்கோலை அடுக்கி மலைபோல் குவித்து வைப்பதும் போர்தான் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அது பாடப் புத்தகத்துச் சொல்லாகத் தெரியும்.

அமிர்தவல்லி வேகமாகச் சொன்னாள். கல்யாணமான புதுசு. குழம்பில் உப்பு கூடிப்போனதுக்கு மாமியார் நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லிவிட, அவள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டு வெளியேறினாள். வேறு எங்கும் போகவில்லை. களத்து வைக்கோல் போரை மாடுகள் அடியில் பிடுங்கித் தின்று ஒரு குடைவு பண்ணியிருந்தன. அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். தெட்சிணாமூர்த்தி பஸ் ஸ்டாண்டில் தேடினார், குளத்தில் தேடினார், சைக்கிளை மிதித்து அவள் பிறந்த ஊர் வரைக்கும் போய் வந்தார். கடைசியில் களத்தில் வந்து கண்டுபிடித்தார். ஏன் வந்தாய், எதற்கு வந்தாய் என்று ஒரு கேள்வி இல்லை. குனிந்து உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, "நெழலு நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

"அதான்டி அன்னிக்கி" என்றாள் அமிர்தவல்லி.

"இங்க வைக்கோல் போருக்கு எங்கம்மா போறது?" என்று கேட்ட இளவேனிலின் குரல் அப்போதே இறங்கிவிட்டது. போர் இல்லையென்றால் தொட்டி இல்லை. தொட்டி இல்லையென்றால் தண்ணீர் இல்லை. நேற்று மதியத்திலிருந்து இந்த வெயிலில் அப்பா தண்ணீர் இல்லாமல் கிடக்கிறார். எல்லாரையும் வேறு பக்கம் அனுப்பியது அவள் சொன்ன ஒரு சொல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுவறத அப்பறம் வச்சுக்க. அந்த அம்மாவக் கூப்புடு. வைக்கப்போர் சாடையில இங்க எங்கயாவது குன்று, பாறை இருக்கான்னு கேளு, இந்த மாதிரி."

மார்னி வந்தாள். அமிர்தவல்லி இங்கிலீஷுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. செம்மண்ணைக் கூட்டிக் குவித்தாள். நீளவாக்கில் ஒரு மேடு, அதன் உச்சியை உருட்டித் தடவினாள், அடியில் விரலை விட்டுச் சுரண்டி ஒரு குடைவு செய்தாள். மார்னி குனிந்து பார்த்தாள். ஒரு தடவை சுற்றிவந்தும் பார்த்தாள்.

"இது ரொட்டி" என்றாள்.

"என்ன சொல்றா?"

"ரொட்டின்னு சொல்றாங்கம்மா. வில்லோராவுக்குக் கிழக்கே தனியா ஒரு குன்று இருக்காம். முழு ரொட்டி மாதிரி இருக்கறதால இவங்க அதுக்கு ரொட்டின்னே பேரு வச்சிருக்காங்களாம். மஞ்சப் புல்லு மூடிக் கிடக்குமாம். பக்கத்துல போரே கிடையாதாம். அதனால அந்தப் பக்கம் யாருமே தேடலையாம்."

"அவளுக்கு ரொட்டி. ஒங்கப்பாவுக்கு வைக்கப்போர். ஏறு."

மார்னி ரேடியோவில் ரோவனைப் பிடித்தாள். அவன் நம்பவில்லை. அந்தப் பக்கம் அவருக்கு வேலையே இல்லையே என்றான். ஹெலிகாப்டர் மேற்கு மூலையில் நிற்கிறது, பெட்ரோல் போட்டுக்கொண்டு வர நேரமாகும் என்றான். "நீ மெதுவா வா, நான் வழியிலதான் இருக்கேன்" என்று சொல்லி மார்னி விமானத்தை எடுத்தாள்.

இந்தத் தடவை அமிர்தவல்லி கண்ணை மூடவில்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பூமியைத் துழாவினாள். சாமி பேர் ஒவ்வொன்றாக வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாசம்! ஒரு 'ம்' சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஆகிவிட்டால், தான் கடைசியாக அவரிடம் சொன்ன வார்த்தை பேசமாட்டேன் என்பதுதான் என்றாகிவிடும். அதை வைத்துக்கொண்டு எப்படி உயிரோடு இருப்பது?

தூரத்தில் அது தெரிந்தது. தட்டையான செம்மண்ணுக்கு நடுவே, ஒற்றையாக, வெளுத்த மஞ்சளாக. அமிர்தவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரோ அறுவடை முடித்து அடுக்கி வைத்துவிட்டுப் போன மாதிரியே இருந்தது.

"வண்டி!" என்று இளவேனில் கத்தினாள். குன்றுக்கு மேற்கே காய்ந்த ஓடையில் ஒரு வெள்ளை ஜீப், பின்சக்கரம் புதைந்து, முன்பக்கம் தூக்கி நின்றது. மார்னி தாழப் பறந்து வண்டியைச் சுற்றினாள். ஆள் இல்லை. இன்னொரு சுற்று. வண்டிக்கு அடியிலும் இல்லை. குன்றின் மேற்குச் சரிவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, அங்கேயும் ஒருவரும் இல்லை.

"நடந்து போயிட்டாரோ?" என்றாள் மார்னி. அப்படிப் போனவர்களின் கதை அவளுக்குத் தெரியும். அவள் குரலிலேயே அது இருந்தது.

அமிர்தவல்லி முன்னால் சாய்ந்து அவள் தோளைத் தட்டினாள். "அந்தண்டை போகச் சொல்லுடி. நெழல்ல இருக்கேன்னுதான சொன்னாரு? காலையில இந்தப் பக்கம் நெழலு, இப்ப பொழுது சாஞ்சாச்சு. போரச் சுத்தி நெழலு நவுந்தா ஆளும் நவுந்திருப்பாரு."

மார்னி குன்றைத் தாண்டித் திருப்பினாள். கிழக்கே பெரிய நிழல் விழுந்திருந்தது. பாறையின் அடியில் காற்று அரித்து அரித்து ஒரு குடைவு. குடைவின் வாயில் நீலச் சட்டை ஒன்று.

அசையவில்லை.

விமானம் சத்தத்தோடு மறுபடி தலைக்கு மேலே போனது. நீலச் சட்டையிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்து, விழுந்தது.

மார்னி பக்கத்தில் கிடந்த சமதரையை நோட்டம் விட்டாள். மழைக்காலத்தில் நீர் தேங்கி, வெயிலில் இறுகிப்போன களிமண் தரை. "பெல்ட்டை இறுக்கிக்குங்க. தரை பார்க்க நல்லா இருக்கு. எப்படி இருக்குன்னு இறங்கினாத்தான் தெரியும்." இளவேனில் இதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவசியமும் இருக்கவில்லை. மார்னி முதலில் சக்கரத்தை லேசாகத் தொடவைத்து எழுப்பினாள், தரை தாங்கியது. திரும்பி வந்து இறக்கினாள். விமானம் துள்ளியது, ஒரு பக்கம் இழுத்தது, புழுதி கண்ணாடியை மூடியது, ஒரு பெருமூச்சுவிட்டு நின்றது.

கதவு திறந்ததும் முதலில் குதித்தது அமிர்தவல்லிதான். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு, சுடுமண்ணில் ஓடினாள். பின்னால் தண்ணீர்க் கேனோடு இளவேனில்.

தெட்சிணாமூர்த்தி பாறையில் சாய்ந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. காலி கேன் பக்கத்தில் உருண்டு கிடந்தது. இளவேனில் நாடி பார்த்தாள், துணியை நனைத்து நெற்றியிலும் கழுத்திலும் ஒற்றினாள். "ஒரேயடியா குடுக்காதம்மா, கொஞ்சம் கொஞ்சமா" என்றாள். கை தொழிலை மறக்கவில்லை, கண்ணுதான் நிற்காமல் வழிந்தது. அமிர்தவல்லி முந்தானை நுனியை நனைத்து அவர் உதட்டில் பிழிந்தாள். பிறகு மூடியால் ஒரு வாய். இன்னொரு வாய்.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"அமிர்தம்..." குரல் காற்றாக வந்தது. "பேசமாட்டேன்னு சொன்ன?"

"போன்லதான பேசமாட்டேன்னு சொன்னேன். நேர்ல பேசமாட்டேன்னா சொன்னேன்?"

சொல்லிவிட்டு அவள் குனிந்து அந்தக் குடைவுக்குள் நுழைந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் அவர் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நெழலு நல்லாருக்கு" என்றாள்.

தெட்சிணாமூர்த்தியின் வெடித்த உதடு சிரிக்கப் பார்த்து, வலித்து, பாதியில் நின்றது.

தபால் மூட்டைத் துணியை விரித்து, மூன்று பெண்களும் அவரைத் தூக்கி வந்து பின் இருக்கைகளில் படுக்கவைத்தார்கள். மேலே போனதும் கொஞ்சம் தெம்பு வந்தது. சட்டைப் பையிலிருந்த தன் சொந்தக் கைபேசியை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அதில் அந்தக் குன்றின் படங்கள், பத்துப் பதினைந்து. கிழக்கே இருந்து, மேற்கே இருந்து, குடைவுக்குள் இருந்து.

"ஒனக்கு அனுப்பலாம்னுதான் போனேன். பாத்தா கோவம் போயிருமேன்னு. அந்த ஓடையக் கவனிக்கல."

"இதுக்கா?" என்றாள் அமிர்தவல்லி. திட்ட நினைத்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். "தெரியும்" என்றார் அவர். "தெரிஞ்சதாலதான் கேக்கல. அதான் தப்பு."

வில்லோராவின் ஓடுதளம் தெரிந்தது. ஆனால் இறங்க இடமில்லை. பத்திருபது மாடுகள் நட்டநடுவே ஒய்யாரமாகப் படுத்துக்கிடந்தன. மார்னி தாழப் பறந்து விரட்டினாள். எழுந்தன, ஓரம் போனமாதிரி போக்குக் காட்டி, திரும்ப வந்து நின்றன.

"நல்ல ஊருடி இது" என்றாள் அமிர்தவல்லி. "மாடு ஓட்டக்கூடப் பிளேன் வச்சிருக்காங்க."

பின்னால் படுத்திருந்தவர் பலமில்லாத குரலில் "த்தா, ஹை ஹை" என்றார், மாடுகளுக்குக் கேட்கும் என்பது போல. இளவேனில் அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டாவது விரட்டலில் மாடுகள் ஒதுங்கின. விமானம் இறங்கி, காற்றுப் பைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பண்ணை ஆட்களெல்லாம் கூடியிருந்தார்கள். வழியில் மார்னி ரேடியோவில் சொன்னதிலிருந்தே அங்கே நிற்கிறார்களாம். கதவு திறந்து, நீலச் சட்டை தெரிந்ததும், தொப்பிகள் மேலே பறந்தன. டாக்டரும் விமானத்தில் கிளம்பிவிட்டார் என்றான் ரோவன்.

இளவேனில் அவனிடம் போய், தான் சொன்ன சொல்தான் எல்லாரையும் தப்பான பக்கம் அனுப்பியது என்று ஒளிக்காமல் சொன்னாள். பாதி கேட்டு முழுசும் புரிந்ததாக நினைத்துவிட்டேன், இனிமேல் யாருக்கு வந்த சேதியோ அவர்களையே முதலில் கேட்கச் சொல்வேன் என்றாள். ரோவன் அவள் தோளில் தட்டினான். போர் என்றதும் நானும்தான் வேறெதையும் யோசிக்கவில்லை என்றான். பிறகு அமிர்தவல்லியிடம் திரும்பி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்க யாருக்குமே தோணாத இடம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டான்.

மகள் மொழிபெயர்த்தாள். அமிர்தவல்லி அப்போது ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் குனிந்து, நாரத்தங்காய்த் துண்டு ஒன்றைக் கிள்ளிக் கணவரின் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பதில் சொன்னாள்.

"அவரு நேத்தே சொல்லிட்டாரு. நான்தான் இன்னிக்கிக் கேட்டேன்னு சொல்லு."